பெயர் வெட்டிய தட்டு

வெண்ணிக்குத் தனித் தட்டு வைத்தார்கள். தனி நேரம், தனி அறை, தனித் தட்டு. அந்த அவமானம் தாங்காமல்தான் அவர் எங்கள் விடுதியை விட்டு முகாமுக்கே திரும்பிப் போனார். நடந்தது இதுதான். உங்கள் கையில் இருக்கிற பேப்பரில் 'சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளாததால்' என்று போட்டிருக்கிறான் பாருங்கள், அதை மடித்துப் பைக்குள் வையுங்கள் அக்கா. முறுக்கு கட்ட ஆகும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். சங்கரன்கோவில் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இந்த டிரைவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு இரண்டு மணி நேரம்.

முதலில் ஒன்று. 'அது' என்று சொல்லாதீர்கள். 'அது எப்படி இருக்கும்'னு கேட்டீர்கள் இல்லையா, அதைத்தான் சொல்கிறேன். அவர். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தால் மரியாதை பாதி விலையா? எங்கள் துறைத் தலைவரே 'அது' என்றுதான் சொல்வார். எம்.ஏ. சமூகவியலுக்கே துறைத் தலைவர் அவர். எழுந்து நின்று திருத்தினேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும்.

வெண்ணி என்பது அரசாங்கம் வைத்த பேர். எட்டு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய கப்பல் கடலில் இறங்கினபோது நான் ஒன்பதாம் வகுப்பு. நாலாயிரம் பேரையும் கரையோரம் தகரக் கொட்டகை போட்டு உட்கார வைத்தார்கள். அவர்களுடைய பேரை நம்மால் உச்சரிக்க முடியவில்லை என்பதற்காக, ஒரு பட்டியல் போட்டு ஆளுக்கு ஒரு பழந்தமிழ்ப் பேர். கேட்டார்களா? கேட்கவில்லை. எங்கேதான் கேட்கிறார்கள்.

பார்க்க எப்படி இருப்பார் என்றால், பத்து வயதுப் பிள்ளை உயரம். தோல் உரித்த நுங்கின் நிறம். கைக்குப் பன்னிரண்டு விரல், எலும்பில்லாத விரல். ஊறப்போட்ட தேங்காய் நார் மாதிரி ஒரு வாசனை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் துப்பட்டாவில் ஏறிவிடும், இரண்டு தடவை அலசினால்தான் போகும். அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

போன வருடம் சட்டம் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஓர் இடம் முகாம்காரர்களுக்கு. எங்களுக்கு வெண்ணி வந்தார், தாவரவியல். ஆனால் அதில் ஒரு கொக்கி. முதல் வருடம் சோதனை வருடம். விடுதிக் குழு 'பொருந்துகிறார்' என்று எழுதினால் படிப்பைத் தொடரலாம். 'பொருந்தவில்லை' என்று எழுதினால் வண்டி ஏற்றித் தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் கிடையாது. ஒரு ஆளின் தலையில் நாலாயிரம் பேரின் பாரம். இது நியாயமா? என்னைப் பேச விட்டால் இதைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசுவேன். பேசியும் இருக்கிறேன், மாவட்டப் பட்டிமன்றத்தில், முதல் பரிசு.

ஆடியில் வந்தார். வரவேற்பு விழாவில் நான்தான் வரவேற்புரை. பொன்னாடை போர்த்தினோம். அது அவர் தோளில் நிற்கவில்லை, வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. ஏற்புரையில் அவர் தங்களுடைய பழக்கம் ஒன்றைச் சொன்னார். மைக் சரியில்லை. அந்த நேரத்தில் நான் பொன்னாடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் முழுதாக விளங்கியது.

அவர்களுக்கு முகம் தெரியாது அக்கா. கண் தெரியும், முகம் தெரியாது. நம் முகமெல்லாம் அவருக்கு ஒரு கூடை எலுமிச்சம்பழம் மாதிரி. குரலும் அப்படித்தான். குரலில் என்ன சொல்கிறார்கள் என்பது தெரியுமாம், யார் சொல்கிறார்கள் என்பது தெரியாதாம். ஆளை அறிவது வாயை வைத்து. ஒருவர் சாப்பிட்டு வைத்த தட்டில், குடித்து வைத்த டம்ளரில் விரலை வைத்தால் அந்த ஆள் பதிந்துவிடுவார். அப்புறம் அவர் பத்தடி தூரத்தில் மூச்சு விட்டால் போதும், பேர் சொல்லிக் கூப்பிடுவார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மறுபடி தொட வேண்டும். இல்லாவிட்டால் மங்கிப் போய்விடும். முகாமில் எல்லாரும் ஆளுக்கொரு வாய் மிச்சம் வைத்துத்தான் எழுந்திருப்பார்களாம்.

ஆமாம். எச்சில்தான். உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்கிறேன். அந்த முகம்தான் அக்கா பிரச்சினை.

எனக்கு அப்படி இல்லை. பிறருடைய பழக்கத்தைப் பார்த்து அருவருப்பது அறியாமை என்று நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

எங்கள் மெஸ்ஸில் ஒவ்வொரு தட்டிலும் அவரவர் எண் வெட்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டுப் பின்கட்டில் கழுவுகிற இடத்தில் குவித்துவிட்டுப் போவோம். பேச்சியக்கா கழுவுவார். வெண்ணி தினமும் சாப்பிட்டு முடித்ததும் பின்கட்டுக்குப் போய், குவியலில் ஒவ்வொரு தட்டாக எடுத்து, விரலை வைத்து, எண்ணைப் பார்த்து, வைத்துவிடுவார். பேச்சியக்கா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, 'இது இருபத்தேழு, பெனிட்டா, தூத்துக்குடிப் பிள்ள' என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆவணி முடிவதற்குள் விடுதியில் எல்லாரையும் வெண்ணி பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. 'எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க'ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். எப்படி என்று தெரிகிற வரைக்கும்.

புரட்டாசி முதல் வாரம் பெனிட்டா பார்த்துவிட்டாள். பெனிட்டா என் அறைத்தோழி. ஓடி வந்து கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏட்டி முத்தரசி, அது என் தட்டை வழிச்சுக்கிட்டு நிக்கி."

"நக்கினாங்களா?"

"விரலால. பன்னெண்டு விரலும் என் தட்டுல. நான் பாதி தின்னு வச்ச அவியல் மேல."

சொல்லி முடிப்பதற்குள் குளியலறைக்கு ஓடிவிட்டாள். சாயங்காலம் புகார் மனு. அறுபத்து மூன்று கையெழுத்து. நேற்று வரைக்கும் 'வெண்ணி வெண்ணி' என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள்தான் எல்லாரும். ஒருத்தி எழுதியிருந்தாள், இனிமேல் வெண்ணி தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, உடம்பெல்லாம் ஊர்கிறது என்று. எனக்கு வந்த அருவருப்பு அந்த எழுத்தைப் பார்த்துத்தான்.

எங்கள் வார்டன் தெய்வானை மேடம் நல்லவர் என்றுதான் ஊரெல்லாம் சொல்லும். அந்த நல்லவர் என்ன செய்தார் தெரியுமா? பின்கட்டுக்குப் பூட்டு போட்டார். டவுனுக்குப் போய், பாத்திரக் கடையில் உட்கார்ந்து, புதுத் தட்டு ஒன்றில் 'வெண்ணி' என்று பேர் வெட்டி வாங்கி வந்தார். எல்லாரும் சாப்பிட வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், விருந்தினர் அறையில், மேசை விரிப்பு போட்டு, அந்தத் தட்டில் தனிச் சாப்பாடு. நான் நேரே போய்க் கேட்டேன்.

"இது என்ன மேடம்?"

"என்ன இது? மரியாதைம்மா. எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட நான் கடையில நின்னு பேர் வெட்டினதில்ல."

"மாப்பிள்ளைய மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பிட வச்சு, வெளி ரூம்ல உக்கார வச்சு, பின்கட்டப் பூட்டுவீங்களா மேடம்?"

"நீ மட்டும் என்னவாம்? முதல் வருசத்துலருந்து உன் பேர் வெட்டுன தட்டை வீட்டுலருந்து கொண்டுவந்து, சாப்பாட்ட ரூமுக்கு எடுத்துட்டுப் போயி, அங்கயே கழுவி வச்சுக்கிடுதெ. நான் ஏதாச்சும் கேட்டேனா?"

"அது என் விருப்பம். இது உங்க விதி."

அந்தப் பதிலை விடுதி முழுக்க ஒரு வாரம் பேசினார்கள். உண்மைதானே அக்கா? மெஸ் தட்டில் ஒரு கவுச்சி வாடை வரும், எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அது சுகாதாரம். சுகாதாரத்தையும் தீண்டாமையையும் ஒரே தராசில் வைக்கிற ஆளிடம் என்ன பேசுவது?

வேண்டாம் அக்கா, நீங்கள் குடியுங்கள். இல்லை, அண்ணாந்து குடித்தாலும் வேண்டாம். என்னிடம் பாட்டில் இருக்கிறது.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். சுவரொட்டி. துண்டறிக்கை. 'தனித் தட்டு மரியாதை அல்ல, மறியல்' என்று நானே எழுதியது. ஒரு நாள் மெஸ் புறக்கணிப்பு. நாற்பது பேர் சாப்பிடவில்லை, பிஸ்கட்டோடு இருந்தோம். பேச்சியக்கா மட்டும் பின்கட்டு வாசலில் நின்று புலம்பினார்.

"நாப்பது பேருக்கு வடிச்ச சோத்த நான் எங்க கொண்டு கொட்ட? எல்லாம் இந்த எச்சிச் சண்டைக்கா? பதினாறு வருசமா உங்க எச்சிலக் கழுவிக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒருத்தி கொடி பிடிச்சீங்களாட்டி?"

அவருக்கு விழிப்புணர்வு போதாது. நாம் ஒரு கொள்கைக்காக நிற்கிறோம், அவருக்குத் தெரிவது சோற்றுப் பானை மட்டும். ஆனால் பாவம், வெள்ளந்தி மனுஷி. விருந்தினர் அறைக்குச் சாப்பாடு கொண்டு போகும்போது தன் காப்பி டம்ளரையும் கூடவே கொண்டு போய், கடைசி மடக்கை வெண்ணிக்கு வைத்துவிட்டு வருவார் என்று பின்னால் தெரிந்தது. நான் கண்டித்தேன். எச்சிலைக் கொடுப்பதா ஒரு மனிதரை மதிக்கிற முறை? மனிதர் என்றா சொன்னேன்? சரி, விளங்குகிறதல்லவா.

ஐப்பசியில் வெண்ணி என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். குழுவுக்குக் கொடுக்க வேண்டிய மனு, திருத்தித் தரச் சொன்னார். முகாம் பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத் தமிழ்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் அச்சடித்த மாதிரி எழுதுவார். மொத்தம் நாலே வரி. எனக்கு இன்னும் பாடம்.

'எனக்குப் புதிய தட்டு வேண்டாம். மேசையில் இடமும் அவசியம் இல்லை. கழுவும் இடத்தின் பூட்டை நாள்தோறும் அரை மணி நேரம் திறந்து வைத்தால் போதும். எல்லாரும் எனக்கு மங்கிக்கொண்டிருக்கிறார்கள்.'

மனுவா இது? நீங்களே சொல்லுங்கள். இதில் ஓர் உரிமை உண்டா? ஒரு சட்டப் பிரிவு உண்டா? 'மேசையில் இடமும் அவசியம் இல்லை' என்று நாமே எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்புக்குக் கொண்டாட்டம். அடிமைப்பட்டவர்கள் இப்படித்தான் குறைத்துக் கேட்பார்கள், அவர்களுக்குக் கேட்கத் தெரியாது, நாம்தான் கேட்டுக் கொடுக்க வேண்டும். நான் இரண்டு நாள் உட்கார்ந்து பதினோரு கோரிக்கையாக விரித்தேன். சமத்துவம், கண்ணியம், பொது உணவுக் கூடம், பொதுத் தட்டு. பூட்டை எடுத்துவிட்டேன். வேண்டுமென்றேதான். எச்சில் என்ற வார்த்தை வந்த இடத்தில் நம் ஆட்கள் காதை மூடிக்கொள்வார்கள். வாதத்தில் எந்த இடத்தில் கால் வழுக்குமோ அந்த இடத்தில் கால் வைக்கக் கூடாது.

வெண்ணி முழுவதையும் வாசித்தார். இரண்டு தடவை.

"பூட்டு எங்கே இருக்கிறது?" என்றார்.

"ஏழாவது கோரிக்கையில இருக்கு. 'விருந்தினரின் பண்பாட்டு அடையாளங்கள் மதிக்கப்பட வேண்டும்'னு போட்டிருக்கேன் பாருங்க."

"அதற்குள் பூட்டு இருக்கிறதா?"

"இருக்கு. உள்ளடங்கி இருக்கு."

ஏழாவது கோரிக்கையை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு கீழே, கையெழுத்துப் போடுகிற இடத்தில், விரல் வைத்தார். நான் தாளை உலரட்டும் என்று மேசை விளிம்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துக்கொண்டேன். ஈரமாக இருந்தது, அதனால்தான்.

அதற்கு அப்புறம் அவர் ஒடுங்கிப் போனார். தாழ்வாரத்தில் சுவரோரமாக நடப்பார். யாராவது எதிரே வந்தால் நின்று, "மன்னிக்கவும், தாங்கள் யார்?" என்பார். எல்லாரிடமும் அதே கேள்வி. நேற்றுப் பேர் சொன்ன பிள்ளைகளிடமும். சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள், சிலர் பொய்ப் பேர் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருத்தி தன் பேர் என்று வார்டன் பேரைச் சொன்னாள். அவரும் 'வணக்கம் மேடம்' என்று தலை வணங்கினார். கூட்டமாகச் சிரித்தார்கள். இவர்கள் எல்லாம் முதுகலைப் படிப்பு.

என்னிடமும் கேட்டிருப்பாரா? நான் எப்போதும் "வணக்கம் வெண்ணி, முத்தரசி பேசுறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், இரண்டு முழம் தள்ளி நின்று. அந்தச் சந்தர்ப்பமே வரவில்லை. தீண்டாமை ஒரு ஜீவனை எப்படிச் சிதைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அவருடைய மன உளைச்சலைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதி மனுவோடு சேர்த்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள். நல்ல மழை, வகுப்பு இல்லை. மாடிப்படி ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர், அதில் இரண்டு மடக்குத் தேநீர். வெண்ணி ஒரு விரலை அதில் விட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பெனிட்டா. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வேப்பெண்ணெய் குடித்தவள் மாதிரி.

"வணக்கம், பெனிட்டா" என்றார் வெண்ணி. அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அறைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"புகார் கொடுத்தவ நீதானட்டி?"

"ஆமா. கொமட்டிச்சு, கொடுத்தேன்."

"இப்ப?"

"இப்பவும் கொமட்டுது. அதான் கண்ண மூடிக்கிடுதேன்."

"பின்ன என்னத்துக்கு?"

"நேத்து என்னப் பாத்து, 'தாங்கள் யார்'னு கேட்டுச்சு. ரெண்டு மாசம் பேர் சொல்லிக் கூப்பிட்டது. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுட்டி."

"ஒரு மாதிரி ஆனா எச்சில் டீயக் குடுப்பியா? இந்த ஊர்ல யார் யாருக்கு எச்சில் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு படிச்சிருக்கியா நீ? அவங்களுக்கு வேண்டியது உன் இரக்கம் இல்ல. சம உரிமை."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. என்ன வேணும்னு கேட்டேன், மிச்ச டீ வேணும்னுச்சு. வச்சேன். நீயும் ஒரு மடக்கு வச்சுப் பாரேன்."

"நான் போராடிக்கிட்டு இருக்கேன்."

அவள் சிரித்தாள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு, புகாரில் போட்ட தன் கையெழுத்தை அடித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். ஒரு கையெழுத்தை அடித்தால் ஆயிற்றா? அமைப்பை யார் மாற்றுவது? அன்றிலிருந்து அவளோடு நான் அதிகம் பேசவில்லை. மார்கழி முழுக்க அவளும் ஒரு மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து விசாரணை. காலை பதினோரு மணிக்குக் குழு அறையில். ஓய்வு பெற்ற பேராசிரியர் அருணகிரி தலைவர். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர். வார்டன் மேடம் ஒரு பக்கம் அந்தத் தட்டைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்தார், அத்தாட்சிக்காம். புது வெள்ளி மாதிரி மின்னியது. கையெழுத்தை அடித்திருந்தாலும் புகார்தாரர் என்று பெனிட்டா, சாட்சி என்று பேச்சியக்கா, கதவோரம். வெண்ணி நடுவில், உயரம் போதாமல் நாற்காலியில் இரண்டு குஷன் போட்டு.

இருபத்தைந்து நிமிடம் பேசினேன் அக்கா. தாள் பார்க்கவில்லை. வரலாறு சொன்னேன், சட்டம் சொன்னேன். அந்தத் தட்டைக் கையில் எடுத்து, "இந்த எழுத்து பெயர் அல்ல, வேலி" என்றேன். உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வார்டன் மேடம் தலையைக் குனிந்துகொண்டார்.

அருணகிரி சார் கனிவாகத்தான் கேட்டார்.

"நல்லா பேசினேம்மா. தனித் தட்டு, தனி நேரம் எல்லாம் எடுத்துடலாம். எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடட்டும். 'பொருந்துகிறார்'னு நான் இன்னிக்கே எழுதிடுறேன். ஒண்ணே ஒண்ணுதான். அந்தத் தட்டத் தொடுற பழக்கம். பிள்ளைங்க அருவருப்புப் படுறாங்க. அதுக்கு என்ன பண்றது?"

வெற்றி கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் தயங்கினால் போச்சு. பட்டிமன்றத்தில் இதைத்தான் முதலில் கற்றுக்கொள்வோம்.

"அந்தப் பழக்கம் நிற்கும் ஐயா. அவங்க சார்பா நான் எழுதித் தர்றேன்."

என் பின்னால் பேச்சியக்கா என்னவோ சொன்னார். நான் திரும்பவில்லை. யோசித்துப் பாருங்கள், நான்கு மாதப் போராட்டம். தனித் தட்டு ஒழிந்தது. பொது மேசை கிடைத்தது. படிப்பு நிலைத்தது. பின்னால் வருகிற நாலாயிரம் பேருக்கும் கதவு திறந்தது. பதிலுக்கு ஒரு பழக்கம், ஒரே ஒரு பழக்கம். ஓர் ஊரோடு சேர்ந்து வாழ வந்தால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டார்களா? நாம் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறோம், ஒரு மேசையையே விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

எழுதினேன். 'பிறர் உண்ட பாத்திரங்களைத் தொடமாட்டார் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன். இவருக்காக, மு. முத்தரசி.' கை தட்டினார்கள். வார்டன் மேடம்கூடத் தட்டினார். பெனிட்டா தட்டவில்லை. பார்த்தேன்.

அருணகிரி சார் தாளை வெண்ணி பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்களும் கீழ ஒரு விரல் வச்சிடுங்க. அப்புறம் இந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்க. நாலு மாசமா உங்களுக்காகத் தொண்டை கிழியப் பேசியிருக்கு."

வெண்ணி நாற்காலியிலிருந்து இறங்கினார். தாளைத் தொடவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, அண்ணாந்து, கொஞ்ச நேரம் நின்றார். மூச்சை இழுத்துப் பார்க்கிற மாதிரி. அவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது அன்றைக்குத்தான். நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அன்றைக்குப் புதுத் துப்பட்டா.

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான்கு மாதம் ஒருத்தருக்காகப் படிப்பைக் கெடுத்துக்கொண்டு நின்றவளுக்கு, அத்தனை பேர் முன்னால், இப்படி ஒரு பதில் சொல்லலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

"ஐயா, ஆவணி மாதத்தில் இந்த விடுதியில் நூற்று நாற்பத்தொரு பேரை எனக்குத் தெரியும். இன்று இரண்டு பேரை மட்டும் தெரியும். பேச்சியக்கா இடப்பக்கம் மெல்லுவதில்லை, அங்கே ஒரு பல் வலிக்கிறது. பெனிட்டா வைக்கும் தேநீரில் மார்கழியிலிருந்து பசி தெரிகிறது, சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்துவிடுகிறார், அவருக்கு வீட்டில் ஏதோ துக்கம் இருக்கிறது. ஒருவரைத் தெரியும் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இவர் பேசியதை முழுவதும் கேட்டேன். மிக நன்றாகப் பேசினார். ஆனால் இவர் யார் என்று எனக்குத் தெரியாது. இந்த விடுதியில் இவர் ஒரு நாளும் எதையும் மிச்சம் வைத்ததில்லை. தெரியாதவர் எனக்காகக் கொடுத்த வாக்கின் கீழே நான் விரல் வைக்க முடியாது. முகாமில் எனக்கு எல்லாரையும் தெரியும். அங்கே போக வண்டி எத்தனை மணிக்கு என்று பேச்சியக்காவிடம் கேட்டுக்கொள்கிறேன்."